ஞாயிற்றுக்கிழமை டியூனிங்

என் மனைவி உட்கார்ந்து வேலை செய்ய ஆரம்பித்தது அவளுடைய நாற்பத்து நான்காவது வயதில். அதற்கு முன்னால் அவள் பார்த்த வேலை எல்லாம் நின்றபடியோ குனிந்தபடியோ சுமந்தபடியோ செய்தவைதான். கொஞ்ச காலம் சித்தாள் வேலை, கொஞ்ச காலம் அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுவது. பிறகு வெள்ளானூரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே இருக்கும் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை. அங்கே ஆறு வருஷம் புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானம் முழுக்க நடந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து டம்ளரைப் பிடித்தால் டீ தளும்பும். மெஷினை இறக்கி வைத்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் கை அதே மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆறட்டும் என்பாள்.

போன வருஷம் பள்ளிக்கூடத்துக்காரர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்றைப் பழசாக வாங்கினார்கள். சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். அடியில் பிளேடு சுற்றும், முன்னால் இன்ஜின், ஸ்டீயரிங், ஒரு ஆள் உட்கார சீட்டு. யார் ஓட்டுகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இவள் கையைத் தூக்கிவிட்டாள். இரண்டே நாளில் பழகியும்விட்டாள். திராட்டில் கைப்பிடிக்குப் பக்கத்தில் மேலே ஒரு முயல் படமும் கீழே ஒரு ஆமை படமும் ஒட்டியிருக்கும். எழுத்தே வேண்டாம், முயல் பக்கம் தள்ளினால் வேகம், ஆமை பக்கம் இழுத்தால் மெதுவு.

முதல் நாள் வேலை முடித்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "யோவ், உக்காந்துகினே வேலை செஞ்சன்யா. சாயந்தரம் வரிக்கும் உக்காந்துகினே."

அன்று அவள் டீ குடித்ததை நான் பார்த்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆவடியில் முப்பது வருஷமாக டூவீலர் மெக்கானிக். வண்டி தெருமுனையில் வரும்போதே இதற்கு ஏர் அதிகம், அதற்குப் பெட்ரோல் அதிகம் என்று சொல்லிவிடுவேன். சொல்வதோடு நிறுத்தமாட்டேன், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன். இந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

ஆயுத பூஜை வந்தது. கடையில் பூஜையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் குளித்து, புதுப் புடவை கட்டி, கையில் ஒரு கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். கிண்ணத்தில் கெட்டியாகக் குழைத்த சந்தனம்.

"ஊரு வண்டிக்கெல்லாம் பொட்டு வச்சிட்டு வர்ற. என் வண்டிக்கும் வந்து ஒண்ணு வையேன்."

என் வண்டி என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். பள்ளிக்கூடத்து வண்டிதான், ஆனால் அதைச் சொல்லித் திருத்த எனக்கு மனசு வரவில்லை. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். முன்பக்கம் மூன்று பொட்டு, ஸ்டீயரிங் நடுவில் ஒன்று. சீட்டுக்குப் பின்னால் டேங்க் மூடி இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக, வட்டமாக, பொட்டு வைப்பதற்காகவே செய்த மாதிரி. கிண்ணத்தில் இருந்த மிச்சச் சந்தனம் முழுவதையும் வழித்து அதன் நடுவில் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அவளை ஏறி நசுக்கச் சொன்னேன். நசுக்கிவிட்டு இறங்கியவள் வண்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கற்பூரப் புகை என்றாள். நான் கற்பூரம் இன்னும் ஏற்றவே இல்லை.

இரண்டு நாள் கழித்து வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடும், இருபது நிமிஷம் போனதும் இருமிவிட்டு நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடியும் ஓடும். மறுபடியும் நிற்கும். மழை விட்டு விட்டுப் பெய்கிற நேரம், புல் முட்டிவரைக்கும் கிளம்பிவிட்டது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரர் மெக்கானிக்தானே, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அவர் ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். சத்தம் போடமாட்டார், ஒரு தடவைதான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியானாலும் முதலில் பெட்ரோல் நனைத்த துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவேன். அழுக்கு வண்டியில் கைவைக்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது என் கட்சி. அப்படியே துடைத்தேன். பிறகு பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைக் கழற்றினேன். அடிக்கிண்ணத்தில் கொஞ்சம் மண்டி இருந்தது. பெட்ரோல் வருகிற ஜெட் துளையை ஊதினேன், ஸ்டார்ட் பண்ணும்போது காற்றை மறைக்கிற சோக் தகடு முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்தேன், தொய்ந்துபோயிருந்த திராட்டில் கேபிளை இழுத்துக் கட்டினேன். மாட்டிவிட்டு அவளைச் சீட்டில் உட்காரவைத்தேன்.

"ஆமைல வை."

வைத்தாள். காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவை முழுசாக உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். அங்கிருந்து ஒவ்வொரு கோடாகத் திருப்பித் திருப்பி, இன்ஜின் மூச்சு சீராகிற இடத்தில் நிறுத்தினேன்.

"இப்ப முயலுக்குத் தள்ளு."

தள்ளினாள். தயங்காமல் ஏறியது. "பாத்தியா?" என்றேன். அவளும் சிரித்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கு நாளும் வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, "மறுபடியும் நின்னுபோச்சுய்யா" என்றாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி துடைத்தேன், கழற்றினேன், திருகினேன். ஓடியது. நான்கு நாள். வெள்ளிக்கிழமை நின்றது, சனிக்கிழமையும் நின்றது. மூன்றாவது ஞாயிறு ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கூட்டி வைத்தேன். அதே கதை.

முதல் வாரமே அவள் ஒன்று சொன்னாள். "வண்டி நின்னதும் பெட்ரோல் கீதான்னு டேங்க் மூடியத் தொறந்து பாக்கறேன். மூடிட்டு சாவியப் போட்டா ஓடுது."

"அது சூடு ஆறிடுது, அதான் ஓடுது" என்றேன்.

இரண்டாவது வாரமும் சொன்னாள். "ஆறவே வுடலய்யா. ஒடனே தொறந்து ஒடனே மூடறேன். ஓடுது."

"மூடியத் தொறந்தா ஓடறதுக்கு அது இன்னா கொழந்தையா, முட்டாய் டப்பா தொறந்தா எழுந்து ஓட? எனக்கே வண்டி சொல்லித் தர்றியா?"

மூன்றாவது வாரம் சொல்ல வந்தவளை நான் பேசவே விடவில்லை. நான் சரி செய்த வண்டி நான்கு நாள் ஓடுகிறது என்றால் என் டியூனிங் சரி என்றுதானே அர்த்தம்? அப்படியானால் கெடுக்கிறது யார்?

"ஞாயித்துக்கெழம நான் சரி பண்றேன், வெள்ளிக்கெழம நீ கெடுக்கற. சோக்க இழுத்தபடியே உட்டுட்டு ஓட்டறியா? முயல்ல வச்சிட்டே ஆஃப் பண்றியா? இன்னாதாம்மே பண்ற?"

அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுடைய கோபம் இப்படித்தான் இருக்கும். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நான்காவது வாரம் வியாழக்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: ஸ்போர்ட்ஸ் டே வருகிறது, மைதானம் பாதி மொட்டையும் பாதி புதருமாக இருக்கிறது. சனிக்கிழமை அன்று நானே வந்து பார்ப்பேன். அன்றைக்கும் வண்டி நின்றால், ஏஜென்சியிலிருந்து பழகின ஓட்டுநர் ஒருவரை அனுப்பச் சொல்லிவிடுவேன். நீங்கள் பழைய வேலைக்கே போய்விடுங்கள். இவ்வளவுதான் சொன்னாராம். இதை அவள் என்னிடம் சொல்லும்போது தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். பழைய வேலை என்றால் தோள் மெஷின்.

வேலை போகவில்லைதான். ஆனால் அந்தச் சீட்டு போய்விடும்.

சனிக்கிழமை கடையைத் திறக்கவே இல்லை. அவளோடு போனேன். அன்று அவளிடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, நீ எப்போதும் ஓட்டுகிற மாதிரி ஓட்டு என்றேன். அவள் ஓட்டினாள். நான் வண்டிக்குப் பின்னாலேயே, ஈரப் புல் காலெல்லாம் ஒட்ட, நடந்தேன். சோக்கை ஒழுங்காக உள்ளே தள்ளியிருந்தாள். திருப்பும் இடத்தில் ஆமைக்கு இறக்கினாள், நேரான இடத்தில் முயலுக்கு ஏற்றினாள். பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் கடைக்கு வருகிற எவனும் தன் வண்டியை இவ்வளவு பதமாக ஓட்டி நான் பார்த்ததில்லை.

இருபது நிமிஷம் இருக்கும். இன்ஜின் ஒரு தடவை இருமியது, இரண்டு தடவை இருமியது, நின்றது.

நான் வழக்கம்போல முன்னால் ஓடி கார்புரேட்டர் பக்கம் குனிந்தேன். அவள் பதறவில்லை. சீட்டில் இருந்தபடியே திரும்பி டேங்க் மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம்.

குனிந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. டேங்கில் பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக மூடியின் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது, கார்புரேட்டர் காய்ந்துபோகும், வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் ஓடும். இது தெரியாத மெக்கானிக் கிடையாது. எனக்கும் முப்பது வருஷமாகத் தெரியும்.

மூடியை வாங்கிப் பார்த்தேன். நடுவில் கெட்டியாகச் சந்தனம், மேலே குங்குமம். காய்ந்திருந்தது, ஆனால் பழசு இல்லை.

"இத்த எப்ப வச்ச?"

"நேத்து. வெள்ளிக்கெழம தோறும் வைக்கிறனே" என்றாள். "நீ வச்ச எடத்துலயேதான் வைக்கிறேன். ஞாயித்துக்கெழம ஆனா நீ தொடச்சிடற."

நகத்தால் சுரண்டினேன். அடியில் அந்தத் துளை தெரிந்தது. நான்கு வாரமாக நான் திருகிய எந்தத் திருகும் எதையும் சரி செய்யவில்லை. எதைத் துடைக்கிறோம் என்று பார்க்காமலே துடைத்த என் துணிதான் சரி செய்திருக்கிறது. முதல் வாரம் அடைத்தது நான் அப்பிய சந்தனம். அதற்கப்புறம் அடைத்தது, நான் வைத்த பொட்டு அழிந்துவிடக்கூடாதே என்று அவள் வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து வைத்த சந்தனம். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவளும் புரிந்துகொண்டாள். முகம் சுருங்கிவிட்டது.

"நானா கெடுத்தேன்?" என்று கேட்டாள்.

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. துளையை ஊதி, மூடியைத் துடைத்து மாட்டினேன். வண்டி அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. மேனேஜர் வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் நேராக அவரிடம் போனேன். "சார், தப்பு என்னுது. கார்புரேட்டர நான்தான் தப்பா டியூன் பண்ணி வச்சிருந்தேன். இப்ப சரி பண்ணிட்டேன். ஓட்டனவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

தோட்டக்காரர்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷப் பேரைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பொண்டாட்டிக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மேனேஜர் தலையாட்டினார். "உண்மையைச் சொன்னதுக்கு சந்தோஷம், மெக்கானிக். ஆனா நாலு வாரமா என்ன கோளாறுன்னு ஓட்டுறவங்களுக்கே தெரியலையே. மெஷினைப் புரிஞ்ச ஆள் ஓட்டுறதுதான் நல்லது. ஏஜென்சி ஆள் திங்கட்கிழமை வரட்டும்."

அவள் வண்டியிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவளைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். வீட்டுத் திருப்பத்தைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டே போனேன். வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "பழிய நான்தானே ஏத்துகினேன். அப்பறம் இன்னா?"

"நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இறங்கி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பழிய ஏத்துக்கோன்னு நான் கேட்டனா? மூடியத் தொறந்தா ஓடுது, மூடியத் தொறந்தா ஓடுதுன்னு வாரா வாரம் சொல்லிகினே இருந்தேன். அத்த சொன்னியா அவராண்ட? ஆறு வருஷம் அங்க வேலை செஞ்சதுல நானா கண்டுபுடிச்சது அது ஒண்ணுதான்யா. அத்தையும் உன் டியூனிங்ல சேத்துகினியே."

அவளுக்காகப் பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைத்தவன், அவள் கையில் இருந்த ஒரே பொருளையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தப்பை ஒத்துக்கொள்வதில்கூட நான்தான் நடுவில் நின்றிருக்கிறேன். சந்தனம் வைத்தது யார் தப்பு என்பது ஒரு விஷயமே இல்லை. அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. அதுதான் தப்பு.

"ஏறு" என்றேன்.

"ஊட்டுக்கு வேணாம்."

"ஊட்டுக்கு இல்லம்மே. ஏறு."

நாங்கள் திரும்பிப் போனபோது மேனேஜர் ஷெட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நெஞ்சை நிமிர்த்தவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். சந்தனத்தை அந்த இடத்தில் முதலில் வைத்தது நான், அதைப் பார்த்து அவள் வைத்தாள். மூடியைத் திறந்தால் ஓடுகிறது என்று முதல் வாரமே சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை. இன்றைக்கும் நின்ற உடனே மூடியைத் திறந்தது அவள்தான், நான் கார்புரேட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். சற்று முன்னால் உங்களிடம் சொன்னது பொய் சார்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

அவள் சாவியைக் கேட்டு வாங்கி, ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுத்தாள். மைதானத்தில் இருந்து ஈரக் களிமண் ஒரு துளி எடுத்து மூடியின் துளை மேல் வைத்து அழுத்தினாள். "இருவது நிமிஷம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, முயலுக்குத் தள்ளி, கிளம்பிவிட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். அவள் சுற்றினாள். புதராக இருந்த பக்கம் பட்டை பட்டையாகக் குறைந்துகொண்டே வந்தது. நான் ஒவ்வொரு சுற்றுக்கும், நின்றுவிடு, தயவு செய்து நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டேன். ஒரு வண்டி நிற்கவேண்டும் என்று மெக்கானிக் ஒருவன் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும். தூரத்துக் கோல் போஸ்ட் பக்கத்தில் வண்டி இருமி நின்றது. மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். அவள் திரும்பி மூடியைத் திறந்து, களிமண்ணை விரலால் துடைத்து எறிந்து, மூடிவிட்டு, சாவியைத் திருகினாள். ஒரே திருகலில் ஓடியது. நேராக எங்களிடம் ஓட்டிவந்து ஆமைக்கு இறக்கினாள்.

"காத்து போவ வழி வேணும் சார். அவ்ளோதான்" என்றாள்.

மேனேஜர் சிரித்து நான் முதல் தடவையாகப் பார்த்தேன். "ஏஜென்சிக்கு வேண்டாம்னு சொல்லிடுறேன். திங்கட்கிழமை அந்த ஓரத்திலிருந்து ஆரம்பிங்க, நீங்களே வெட்டுங்க" என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "மெக்கானிக், இனிமே வண்டிக்கு ஏதாவதுன்னா உங்களைத்தானே கூப்பிடணும்?"

ஜெட், ஃப்ளோட், ஏர் ஸ்க்ரூ என்று முப்பது வருஷமும் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல அவங்களக் கேளுங்க சார்" என்றேன்.